பல சுவிட்சுகளும் ஒரு கட்டளையும்: பிணைய மேலாண்மையின் வரலாறு



கணினியின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது, கணினியைப் படைத்தவர்களைப் பற்றியும் இணையத்தைத் தோற்றுவித்தவர்களைப் பற்றியும் சொல்கிறோம். அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும் சுவிட்சு என்னும் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளிக் கணினிக்கூடத்தின் ஒரு மூலையில், இருபத்து நான்கு இணைப்புத் துளைகளோடு, பச்சை விளக்குகள் மினுக்க, சுவரில் மாட்டப்பட்டிருக்கும் பெட்டி அது. அது இயங்கும் வரையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நின்றுவிட்டாலோ வகுப்பும் நிற்கும், அலுவலகமும் நிற்கும்.

ஒரு சுவிட்சை அமைப்பது எளிது. பத்து, நூறு, ஆயிரம் சுவிட்சுகளை ஒரே இடத்தில் இருந்துகொண்டு அமைப்பதும் ஆள்வதும் எப்படி? கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகின்றனர். அந்தத் தேடலில் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒரே கட்டளையை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பும் ஆற்றல் முதலில் வந்தது. தவறான கட்டளையைத் தடுக்கவும் திரும்பப் பெறவும் வேண்டிய வழி, இழப்புகளைக் கண்ட பிறகே வந்தது. கல்வித் துறையிலும் மையக் கட்டுப்பாடு பெருகிவரும் இக்காலத்தில் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயனுடையது.

ஒரே கம்பியில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் இருந்தது. அங்கே 1973ஆம் ஆண்டில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்னும் இணைப்பு முறையை முன்மொழிந்தார். அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து அதனை உருவாக்கி, 1976இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பியில் நூறு கணினிகள் இணைக்கப்பட்ட அமைப்பை அக்கட்டுரை விளக்கியது.

அந்தக் கம்பி அனைவருக்கும் பொதுவானது. ஒரு கணினி பேசினால் மற்றவை எல்லாம் கேட்கும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். அப்போது இரண்டும் சற்றுப் பொறுத்திருந்து மீண்டும் முயலும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் மாணவர்கள் தாமாகவே முறை வைத்துப் பேசுவது போன்ற ஏற்பாடு இது. இங்கே மேலாளரும் இல்லை. மையக் கட்டளையும் இல்லை. கணினிகள் குறைவாக இருந்தவரை இது நன்றாகவே நடந்தது. அவை பெருகப் பெருக மோதல்களும் பெருகின.

ஆகவே நீண்ட கம்பியைப் பல துண்டுகளாகப் பிரித்து, இடையில் பாலம் போன்ற பெட்டிகளை வைத்தனர். ஒவ்வொரு கணினிக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. எந்த முகவரி எந்தப் பக்கம் உள்ளது என்பதைப் பாலம் கவனித்துத் தானே கற்றுக்கொள்ளும். தேவையான செய்தியை மட்டும் மறுபக்கம் அனுப்பும். இன்றைய சுவிட்சின் முன்னோடி இதுவே.

தலைவனைத் தாமே தேர்ந்தெடுத்த பெட்டிகள்

பாலங்கள் பெருகியபோது புதிய சிக்கல் முளைத்தது. ஒரு பாலம் பழுதானாலும் வேலை கெடாதிருக்க வேண்டுமென்று மாற்று வழிகளையும் அமைத்தனர். மாற்று வழி இருந்தால் பிணையத்தில் ஒரு வட்டம் உண்டாகிறது. எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் பொதுச் செய்தி அந்த வட்டத்திற்குள் நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்தோறும் படிகளாகப் பெருகும். சில நொடிகளில் பிணையம் முழுவதும் நிரம்பி மூச்சுத் திணறும். பொறியாளர்கள் இதனைப் புயல் என்றே அழைக்கின்றனர்.

இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். 1985ஆம் ஆண்டு அவர் வகுத்த முறைக்கு ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். பரவும் மரம் என்று நாம் அதனைக் கூறலாம். பெட்டிகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். அந்த வேருக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியை மட்டும் ஒவ்வொரு பெட்டியும் திறந்து வைக்கும். ஏனைய வழிகளை அடைத்துவிடும். அதனால் வட்டம் இல்லாத மரம் ஒன்று உருவாகும். ஒரு கிளை முறிந்தால் அடைத்து வைத்த வழி திறக்கும். இதனை விளக்கும் ஆய்வுக் கட்டுரையில் பெர்ல்மன் ஒரு சிறு கவிதையையும் சேர்த்திருந்தார் என்பது மொழி ஆசிரியர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தி. 1990இல் இம்முறை அனைத்துலகத் தரநிலை ஆயிற்று.

இதில் மனிதர் எவரும் கட்டளை இடுவதில்லை. பெட்டிகள் தாமே பேசி முடிவெடுக்கின்றன. இதுவே அதன் பெருமை. குறையும் இதில்தான் இருந்தது. வேரைத் தேர்ந்தெடுக்கும் விதி மிக எளிது: எந்தப் பெட்டியின் அடையாள எண் சிறியதோ அதுவே வேர். முன்னுரிமை எண்ணை எவரும் மாற்றி அமைக்காவிட்டால், பெட்டியின் முகவரி எண்ணே முடிவு செய்யும். பழைய பெட்டிகளின் முகவரி எண் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். அதனால் எங்கோ ஒரு சிற்றறையில் கிடக்கும் மிகப் பழைய, மெதுவான பெட்டி முழு நிறுவனத்திற்கும் வேராகிவிடுவது உண்டு. தானாக இயங்கும் அமைப்புக்கும் ஒருவர் மேற்பார்வை வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

கல்பனா என்னும் பெயர்

1990ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் ஏழு இணைப்புத் துளைகள் கொண்ட பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈதர்நெட்டுக்கான முதல் பல்துளைச் சுவிட்சு அதுவே. அந்நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் என்பவரோடு இணைந்து அதனைத் தொடங்கினார். தம் மனைவியின் பெயரையே நிறுவனத்திற்குச் சூட்டினார். நம் மொழியில் வழங்கும் கற்பனை என்னும் சொல்லின் வடமொழி வடிவமே அது. 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது.

சுவிட்சு வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனிவழி கிடைத்தது, மோதல் குறைந்தது. விலை குறைந்தபோது கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும் ஒன்றிரண்டு சுவிட்சுகள் ஏறின. அலுவலகம், பல்கலைக்கழகம், மருத்துவமனை என எங்கும் அவை பரவின. அத்தோடு மேலாண்மைச் சிக்கலும் பெருகியது.

ஒவ்வொன்றாய்ச் சென்று அமைத்த காலம்

சுவிட்சுக்கு வேண்டிய கட்டளைகளின் தொகுப்பை அமைவு என்போம். எந்தத் துளை எந்தப் பிரிவைச் சேர்ந்தது, எந்த வேகத்தில் இயங்க வேண்டும், யார் உள்ளே நுழையலாம் என்பன எல்லாம் அதில் அடங்கும். தொடக்கக் காலத்தில் பொறியாளர் மடிக்கணினியோடு பெட்டியின் அருகிலேயே சென்று, தனிக் கம்பி ஒன்றைச் செருகி, கட்டளைகளை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தார். பின்னர் தம் மேசையில் அமர்ந்தபடியே பிணையத்தின் வழி உள்நுழைய முடிந்தது. ஆனாலும் பெட்டிக்கு ஒரு முறை என்பது மாறவில்லை.

ஐம்பது சுவிட்சுகளை இவ்வாறு அமைத்தால் ஐம்பதும் ஒன்றுபோல் இருப்பது அரிது. ஒன்றில் ஒரு வரி விடுபட்டிருக்கும். மற்றொன்றில் எண் மாறியிருக்கும். அவசரத்தில் செய்த திருத்தத்தை எவரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். ஈராண்டு கழித்து அவர் வேறு பணிக்குச் சென்றபின், அந்தப் பெட்டி ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது.

இந்நிலையை மாற்றும் முயற்சியாக 1988இல் எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை வெளிவந்தது. பிணையக் கருவிகளை எளிய முறையில் மேலாண்மை செய்வதற்கான நெறிமுறை என்பது அதன் பொருள். ஜெஃப்ரி கேஸும் அவருடைய தோழர்களும் அதனை வகுத்தனர். மையத்தில் உள்ள ஒரு கணினி ஒவ்வொரு பெட்டியையும் கேள்வி கேட்கும். எத்தனை துளைகள் இயங்குகின்றன, எவ்வளவு தரவு சென்றது, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்று பெட்டிகள் விடை கூறும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை அழைப்பது போன்ற இம்முறை பெரும் வெற்றி பெற்றது.

கேட்பதற்கு மட்டுமன்றி, மதிப்புகளை மாற்றி எழுதுவதற்கும் இதே நெறிமுறையில் வழி இருந்தது. ஆனால் அதனை நம்பிப் பயன்படுத்தியோர் குறைவு. முதற்பதிப்பில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பியில் சென்றது. பொது என்னும் பொருள்படும் 'பப்ளிக்' என்ற சொல்லையே பல பெட்டிகள் கடவுச்சொல்லாகக் கொண்டிருந்தன. உறுதியான பாதுகாப்புடைய மூன்றாம் பதிப்பு முழுத் தரநிலை ஆவதற்கு 2002 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரையில் மையம் கண்ணாக இருந்தது, கையாக இருக்கவில்லை.

பரவி வந்த பட்டியல்

1990களின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் தத்தம் சொந்த வழிகளைக் கண்டனர். பதினாறு சுவிட்சுகள் வரை ஒரு கொத்தாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்றைத் தலைமைச் சுவிட்சாக்கி, ஒரே முகவரியின் வழி அனைத்தையும் ஆளும் வசதியை சிஸ்கோ அளித்தது. 2003இல் அதே நிறுவனம் ஒன்பது பெட்டிகள் வரை சிறப்புக் கம்பியால் பிணைத்து, அவை ஒரே பெரிய சுவிட்சைப் போல இயங்கும் அடுக்கு முறையையும் கொண்டுவந்தது.

இவற்றுள் நம் கருத்துக்கு மிகவும் பொருந்துவது விடிபி என்னும் நெறிமுறை. அதனை அறிய மெய்நிகர் உள்வலை என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரே சுவிட்சில் அலுவலகக் கணினிகளும் மாணவர் கணினிகளும் இணைந்திருக்கலாம். ஆயினும் ஒன்றை மற்றொன்று காணாதவாறு பிரித்து வைக்க வேண்டும். அவ்வாறு எண் கொடுத்துப் பிரிப்பதே மெய்நிகர் உள்வலை. 1998ஆம் ஆண்டுத் தரநிலையின்படி 4,094 பிரிவுகள் வரை அமைக்கலாம். இந்தப் பிரிவுகளின் பட்டியலை ஒவ்வொரு சுவிட்சிலும் தனித்தனியே எழுதுவது தொல்லை. ஆகவே ஒரு சுவிட்சில் எழுதினால் மற்றவற்றுக்குத் தானாகப் பரவும்படி விடிபி ஏற்பாடு செய்தது.

பட்டியல் மாறும்தோறும் அதன் திருத்த எண் ஒன்று கூடும். எந்தப் பெட்டியிடம் உயர்ந்த திருத்த எண் உள்ளதோ, அதன் பட்டியலே புதியது என்று மற்றவை நம்பும். இப்போது, சோதனை அறையில் பலமுறை மாற்றி மாற்றிப் பழகிய ஒரு பழைய சுவிட்சை எடுத்து, அதே குழுப் பெயரோடும் கடவுச்சொல்லோடும் நிறுவனத்தின் பிணையத்தில் செருகினால் என்ன நேரும்? அதன் திருத்த எண் உயர்ந்தது. மற்றெல்லாச் சுவிட்சுகளும் தம் பட்டியலை அழித்துவிட்டு அதன் பட்டியலை ஏற்கும். அதில் இல்லாத பிரிவுகளைச் சேர்ந்த துளைகள் யாவும் செயலிழக்கும். எவரும் தவறான கட்டளை எதனையும் தட்டச்சு செய்யவில்லை; ஒரு கம்பியைச் செருகியதோடு சரி. பிணையப் பொறியாளர்களுக்கான பாடங்களில் இந்த எச்சரிக்கை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. எண் பெரிதாக இருந்தால் அது உண்மையாகவும் இருக்கும் என்று அந்த நெறிமுறை கருதியதே குற்றம். மூன்றாம் பதிப்பில்தான், முதன்மை என்று வெளிப்படையாக அமர்த்தப்பட்ட ஒரு பெட்டி மட்டுமே பட்டியலை மாற்றலாம் என்ற கட்டுப்பாடு வந்தது.

பாஸ்டன் மருத்துவமனையில் நான்கு நாள்

மையக் கட்டுப்பாடு மிகுந்தால் வரும் கேட்டைக் கண்டோம். அது இல்லாதபோது வரும் கேட்டுக்குச் சான்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனை. 2002 நவம்பர் 13ஆம் நாள் அங்குப் பிணையம் தடுமாறத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு நாள்களுக்கு மருத்துவமனை காகிதக் காலத்திற்குத் திரும்பியது. ஆய்வக முடிவுகளை ஆள்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினர். கணினியிலேயே மருந்து எழுதிப் பழகிய இளம் மருத்துவர்களுக்குக் காகிதத்தில் எழுதக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சிக்கான மென்பொருள் ஒன்று பெருமளவு தரவைப் பிணையத்தில் செலுத்தியது உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம் வேறு. மருத்துவமனை வளர வளர, ஒரு பிணையத்தோடு மற்றொன்றை ஒட்டிக்கொண்டே போயினர். பெர்ல்மன் வகுத்த பரவும் மரம், பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஏழு தாவல்களுக்குள் அமைய வேண்டும் என்பது பரிந்துரை. அந்தப் பிணையம் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. தரவு வெள்ளத்தில் பெட்டிகளின் சிறு செய்திகள் தொலைந்தன, மரம் குலைந்து வட்டங்கள் உண்டாயின, புயல் கிளம்பியது. முழு அமைப்பையும் ஒருசேரக் கண்டு வரம்பு காட்டும் கண் அங்கு இல்லை.

அம்மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலம்கா ஒரு நற்செயல் செய்தார். நடந்ததை மூடி மறைக்காமல், எங்கே பிழைத்தோம் என்று பிற மருத்துவமனைகள் அறியும்படி வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். காகித வழிக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும், பிணையத்திற்குள் நுழைய மாற்று வழி வேண்டும், பழைய பகுதிகளை உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்பவை அந்நிகழ்ச்சி பலருக்கும் புகட்டிய பாடங்கள்.

பத்து நிமிடக் காத்திருப்பு

அதே 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இணையக் கட்டமைப்பு வாரியம் ஒரு பட்டறையை நடத்தியது. பிணையங்களை நாள்தோறும் நடத்துவோரும் நெறிமுறைகளை வகுப்போரும் அதில் ஒன்றாக அமர்ந்தனர். நடத்துவோர் தம் குறைகளை வெளிப்படையாகக் கூறினர். எஸ்என்எம்பி கண்காணிக்க உதவுகிறது. அமைவை மாற்ற உதவவில்லை. தனித்தனிப் பெட்டியை அன்று, முழுப் பிணையத்தையும் ஒரே அலகாக அமைக்க வேண்டும். ஒரு பெட்டியின் அமைவை முழுமையாகப் படி எடுக்கவும், திரும்ப ஏற்றவும், இரண்டு அமைவுகளை ஒப்பிடவும் வழி வேண்டும். பயன்படுத்துவோரிடம் கேட்டுவிட்டுக் கருவியைச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு இந்தப் பட்டறை நல்ல எடுத்துக்காட்டு.

அதன் பயனாக 2006 டிசம்பரில் நெட்கான்ஃப் என்னும் நெறிமுறை வெளிவந்தது. அதில் புதிய அமைவை முதலில் வரைவாக எழுதி வைக்கலாம். வரைவு சரியா என்று பெட்டியைச் சோதிக்கச் சொல்லலாம். பின்னரே நடைமுறைப்படுத்தலாம். பரீட்சைத் தாளை அச்சுக்கு அனுப்புமுன் வரைவைச் சரிபார்ப்பது நமக்குப் பழகிய முறைதானே!

அதிலும் சிறந்தது உறுதிப்பாட்டுக்குக் காத்திருக்கும் முறை. மேலாளர் புதிய அமைவை நடைமுறைப்படுத்தியதும் பெட்டி காத்திருக்கும். 600 நொடிகளுக்குள், அதாவது பத்து நிமிடங்களுக்குள், மேலாளரிடமிருந்து உறுதிச் செய்தி வராவிட்டால், பெட்டி தானாகவே பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். காரணம் எளிது. தவறான கட்டளை மேலாளருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வழியையே அறுத்துவிட்டால், அவர் எவ்வாறு அதனைத் திருத்துவார்? அவரால் பேச முடியவில்லை என்பதே தவறுக்கு அடையாளம். அனுப்பும் ஆற்றலோடு திரும்பப் பெறும் ஆற்றலையும் பொதுத் தரநிலைக்குள்ளேயே வைத்தது இந்த நெறிமுறையின் தனிச்சிறப்பு.

மூளையைப் பிரித்தெடுத்தவர்கள்

இதுவரை கண்ட முறைகளில் முடிவெடுக்கும் மூளை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருந்தது. மையம் அதற்குக் கட்டளை கொடுத்தது. 2007ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்னும் ஆய்வு மாணவர் வேறு வழியை முன்வைத்தார். அவருடைய ஈத்தேன் என்னும் அமைப்பில் சுவிட்சுகள் சிந்திப்பதில்லை. யார் யாரோடு பேசலாம் என்பதை மையத்தில் உள்ள ஒரு கணினி முடிவு செய்யும். பெட்டிகள் அதன்படி தரவை நகர்த்தும். முந்நூறுக்கு மேற்பட்ட கணினிகள் கொண்ட பல்கலைக்கழகப் பிணையத்தில் அது இயங்கிக் காட்டப்பட்டது. பேராசிரியர் நிக் மெக்கியோனும் பிறரும் சேர்ந்து 2008இல் ஓப்பன்ஃப்ளோ என்னும் நெறிமுறையாக இக்கருத்தை வளர்த்தனர்.

கூகிள் நிறுவனம் தன் தரவு மையங்களை இணைக்கும் உலகளாவிய பிணையத்தை இவ்வழியில் அமைத்தது. 2013இல் வெளியிட்ட கட்டுரையில், நெடுந்தொலைவு இணைப்புகளைச் சராசரியாக 70 விழுக்காடு வரை பயன்படுத்த முடிந்ததாகவும், இது வழக்கமான முறையைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு பயனுடையது என்றும் தெரிவித்தது. எல்லா வழிகளையும் ஒருசேரக் காணும் மையத்தால்தான் இது கைகூடியது. மைய மேலாண்மைக்கு எதிராக எவரேனும் பேசினால் இந்தச் சான்றை மறக்கலாகாது.

இதே காலத்தில் மெராக்கி முதலிய நிறுவனங்கள் இணையத்தின் வழியே சுவிட்சுகளை ஆளும் சேவையைக் கொண்டுவந்தன. 2006இல் தொடங்கிய மெராக்கியை 2012இல் சிஸ்கோ வாங்கியது. புதிய பெட்டியை எந்த ஊரில் செருகினாலும் அது இணையத்தில் உள்ள மையத்தை நாடி, தன் அமைவைத் தானே பெற்றுக்கொள்ளும். பொறியாளர் இல்லாத சிறு கிளைகளுக்கும் பள்ளிகளுக்கும் இது பெரும் உதவி.

2021 அக்டோபர் 4

அந்த இரவு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மலேசிய, சிங்கப்பூர் நேரம் இரவு 11.40 அளவில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் யாவும் ஒருசேர நின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவை திரும்பவில்லை.

அந்நிறுவனமே பின்னர் தந்த விளக்கம் இது. வழக்கமான பராமரிப்பின்போது, முதுகெலும்பாக விளங்கும் உலகளாவிய பிணையத்தின் கொள்ளளவை அறிவதற்காக ஒரு கட்டளை இடப்பட்டது. அது எதிர்பாராத வகையில் அந்தப் பிணையத்தின் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அம்மென்பொருளிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. இணைப்பு அறுந்ததும் அந்நிறுவனத்தின் பெயர் வழங்கிகள் இணையத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டன. உலகம் அவற்றின் முகவரியையே மறந்தது. பழுது பார்க்க உதவும் உள் மென்பொருள்களும் அதே பிணையத்தை நம்பியிருந்தன, அவையும் நின்றன. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் சென்றனர். அங்கோ, அயலார் எளிதில் நுழையாதபடி செய்திருந்த கடுங்காவல் அவர்களையும் தாமதப்படுத்தியது.

இங்கே துண்டிக்கப்பட்டவை திசைவிகளால் ஆன நெடுந்தொலைவு இணைப்புகள்; நாம் பேசிவரும் சுவிட்சுகள் அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. தணிக்கை இருக்கிறது என்பது போதாது. அந்தத் தணிக்கையும் சோதிக்கப்பட வேண்டும். பழுது பார்க்கும் வழி, பழுதாகும் வழியிலேயே அமையக் கூடாது.

கல்விக் கூடத்தின் வாயிலில்

மைய மேலாண்மை சுவிட்சுகளோடு நிற்கவில்லை. மாணவர் கையில் உள்ள கருவிகளுக்கும் அதே முறை வந்துவிட்டது. சிங்கப்பூரில் மாணவர்களின் கற்றல் கருவிகளை மேலாண்மை செய்ய மொபைல் கார்டியன் என்னும் செயலி பயன்படுத்தப்பட்டு வந்தது. 2024 ஆகஸ்டு 4ஆம் நாள் அச்செயலியின் அமைப்புக்குள் அயலார் ஊடுருவினர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்றியது. குறிப்புகளை வேறு இடத்தில் படி எடுத்து வைக்காத மாணவர்கள் அவற்றை இழந்தனர்.

திருட்டுப் போன கருவியில் உள்ள தகவலை அழிப்பதற்கென்று வைத்த வசதி நல்ல நோக்கமுடையதே. அதே வசதி தவறான கைக்குப் போனதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உழைப்பை அழித்தது. ஒரு கட்டளை எத்தனை பேரைச் சென்றடையலாம் என்னும் எல்லை, அக்கட்டளையை வடிவமைக்கும்போதே வகுக்கப்பட வேண்டிய ஒன்று.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வரலாற்றைக் கொண்டு மைய மேலாண்மை தீது என்று முடிவு கட்டுவது பிழை. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஒட்டுப் போட்டு வளர்த்த பிணையம் பாஸ்டனில் என்னவாயிற்று என்று கண்டோம். நல்ல மையம் வேண்டும். அது தன் தவறைத் தானே தாங்கும்படி அமைந்திருக்கவும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இப்போது ஒரு மாற்றத்தை முதலில் சில பெட்டிகளில் மட்டும் செய்து, கவனித்திருந்து, பின்னரே படிப்படியாகப் பரப்புகின்றன. பழைய அமைவின் படியை நாளிட்டுச் சேமிக்கின்றன. முதன்மைப் பிணையம் நின்றாலும் பெட்டிகளைச் சென்றடையத் தனிவழி ஒன்றை வைத்திருக்கின்றன.

பள்ளி அளவில் இவற்றை எளிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். பள்ளியில் எத்தனை சுவிட்சுகள் உள்ளன, அவை எங்கெங்கே உள்ளன என்று காட்டும் வரைபடம் ஒன்று காகிதத்தில் உள்ளதா? கடவுச்சொல் ஓர் ஆசிரியரின் நினைவில் மட்டும் உள்ளதா, தலைமையாசிரியரின் பாதுகாப்பிலும் எழுதி வைக்கப்பட்டுள்ளதா? குத்தகையாளர் அமைவை மாற்றும்போது பழைய அமைவின் படியைப் பள்ளியிடம் ஒப்படைக்கிறாரா? தேர்வு நடக்கும் வாரத்தில் மாற்றம் எதுவும் செய்யலாகாது என்று சொல்லியிருக்கிறோமா? பிணையம் நின்றுபோகும் நாளில் பாடம் நடத்தவும் வருகையைப் பதியவும் காகித வழி உண்டா?

பெற்றோர்களும் கேட்கலாம். பிள்ளையின் கருவியை மையத்திலிருந்து ஆள்வது யார்? அதில் உள்ளவற்றை அழிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? பிள்ளையின் குறிப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி உள்ளதா? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணினிக்கூடம் பற்றிப் பேச்சு எழுந்தால், புதிய கணினி எத்தனை வாங்கலாம் என்பதோடு இந்தக் கேள்விகளையும் சேர்த்து முன்வையுங்கள். விடை எழுதி வைப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். அதற்கு அதிகச் செலவில்லை.